கேட்காமலே மறுக்கப்பட்டோமா?

நம் நூலகங்களுக்கு அரசு எதுவும் தருவதில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். நாம் கேட்டோமா? கொல்கத்தாவில் 1972-இல் தொடங்கப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மத்திய அரசின் நிதியில் இயங்குவது. தன்னார்வ அமைப்புகள் நடத்தும் பொது நூலகங்களுக்கும் உதவுகிறது. அதன் படிவத்தை நம் மஹல்லா நிர்வாகிகளில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறார்கள்?

இத்தகைய விண்ணப்பங்கள் கேட்பவை இரகசியங்கள் அல்ல: பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, நூல்களின் எண்ணிக்கை, படிக்க வருவோர் விவரம். நம் கை நடுங்குவது இங்கேதான். நூல் பதிவேடு இல்லை. வசூல் கணக்கோ ஒருவருடைய சட்டைப்பையில். (அமானிதம் பற்றி ஜும்ஆவில் நாம் கேட்காத பயானா?) இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும் அறைக்கு நம் பெண்மக்கள் எப்படி வருவார்கள்? வாசகர் விவரத்தில் யாரைக் காட்டுவோம்?

பாகுபாடே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மினாராவுக்கு வண்ணம் பூச விரைந்து வசூலிக்கும் நாம், அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கரையானுக்கு விட்டுவிட்டுப் பிறரைக் குறை சொல்வது நியாயமா?

ரமளானுக்குள் நூல்களை எண்ணிப் பதிவேடு எழுதுவோம். பெண்களுக்கென்று பகலில் இரண்டு மணி நேரம் திறப்போம். பிறகு விண்ணப்பிப்போம். மறுத்தால், இன்ஷா அல்லாஹ், அந்த மறுப்புக் கடிதத்தோடு மேடை ஏறுவோம்.