பந்தை முதலில் தொடுபவர்



இறைவனுக்கும் ஏழைகளுக்கும் உரிய பங்கை நாம் எப்போது எடுத்து வைக்கின்றோம்? நம் தேவைகள் யாவும் நிறைவேறியபின் எஞ்சுவதிலிருந்தா, அன்றி நாம் எதையும் தொடுவதற்கு முன்னரா? இக்கேள்வியைச் சிந்திக்கும் பொருட்டு, நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு விளையாட்டில் உழைத்த மனிதர் ஒருவரின் வாழ்வை இவ்வாரம் உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

அமெரிக்கர் ‘ஃபுட்போல்’ என அழைக்கும் விளையாட்டு நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லையை நோக்கி ஓடுவதால் அது றக்பிக்கே நெருங்கியது. ஆனால் அதில் பந்தை முன்னோக்கி எறியவும் இடமுண்டு. எறிபவரும், அதைப் பிடித்து ஓடுபவரும் பெரும் புகழ் பெறுகின்றனர். அவர்களுக்கு முன்னே ஐவர் ஒரு வரிசையாய் நிற்கின்றனர். 130 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள இவர்களின் பணி, பாய்ந்து வரும் எதிரணியினரைத் தம் உடலாலேயே தடுத்து, பின்னால் நிற்பவருக்கு இரண்டு மூன்று விநாடிகளைப் பெற்றுக் கொடுப்பதாகும். எறியப்படும் பந்தைப் பிடிப்பதற்கு வழக்கமாக விதி இவர்களுக்கு இடந்தராது. புள்ளி பெற்றோர் பட்டியலில் இவர்களின் பெயரைக் காண்பது அரிது. எதிராளியைப் பிடித்து இழுத்த குற்றத்திற்காக நடுவர் கொடி வீசும்போதே இவர்களின் சட்டை இலக்கம் அரங்கமெங்கும் ஒலிக்கும். நன்றாகச் செய்த நாளில் எவரும் இவர்களைக் கவனிப்பதில்லை.

இந்த ஐவருக்கும் நடுவில் நிற்பவரே மைய வீரர். ஒவ்வொரு ஆட்டமும் அவருடைய கையிலிருந்தே தொடங்குகின்றது. நிலத்தில் வைக்கப்பட்ட பந்தை முதலில் தொடுபவர் அவர்தாம். தொட்ட அக்கணமே தம் கால்களுக்கிடையால் அதைப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுகின்றார். பின்பு, தாம் கொடுத்ததைக் காப்பதற்காக மார்பிலும் தோளிலும் அடி வாங்குகின்றார். ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவைகள் இவ்வாறு நிகழும்.

இத்தொழிலில் நிலைபேறும் இல்லை. ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதியில் ஒவ்வோர் அணியும் தன் வீரர் எண்ணிக்கையை 53 ஆகக் குறைக்கின்றது. எஞ்சியோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படவேண்டும். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை முழுவதற்கும் பெரும்பாலும் உத்தரவாதமில்லை. முழங்கால் பழுதானாலும், இளையவர் ஒருவர் மலிவாகக் கிடைத்தாலும் அணி கைவிட்டுவிடும். இன்று ஒரு நகரம், நாளை இன்னொரு நகரம் என அலைந்து, ஒரு சில ஆண்டுகளில் ஓய்ந்துபோவோரே இவர்களில் பலர்.

ஜேசன் பிரவுண் இத்தகைய ஒரு மைய வீரர். வட கரோலினா மாநிலத்தில் 1983ஆம் ஆண்டு பிறந்த இவரைப் போல்டிமோர் ரேவன்ஸ் அணி 2005ஆம் ஆண்டு, நான்காம் சுற்றுத் தெரிவில் எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் அங்கு உழைத்தபின், 2009இல் சென்ற் லூயிஸ் ராம்ஸ் அணி ஐந்து ஆண்டுகளுக்கு 3 கோடியே 75 இலட்சம் டொலர் ஒப்பந்தத்தில் அவரை அழைத்தது. அக்காலத்தில் மைய வீரர் எவருக்கும் அதைவிட உயர்ந்த ஊதியம் இருக்கவில்லை. ஆயினும் அந்த ஆண்டு அவ்வணி 16 போட்டிகளில் ஒன்றில் மாத்திரமே வென்றது. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் எஞ்சியிருக்கையில், அணி அவரை விடுவித்தது.

அவருடைய உள்ளத்தில் மாற்றம் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. இராணுவத்தில் பணியாற்றிய அவருடைய மூத்த சகோதரர் 2003ஆம் ஆண்டு ஈராக்கில் மோட்டார்க் குண்டுத் தாக்குதலில் மரணமடைந்தார். அப்போது அவருக்கு வயது 27. தாம் அதே வயதை அடைந்தபோது, அண்ணன் பிறருக்காகத் தந்த வாழ்வையும், பெரிய வீட்டிலும் பெரும் ஊதியத்திலும் கழியும் தம் வாழ்வையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகப் பிரவுண் பின்னாளில் கூறியுள்ளார். ராம்ஸ் விடுவித்தபின் வேறு அணிகள் அவரை நாடின. அவரோ ஆட்டத்தை விட்டு விவசாயம் செய்யப்போவதாக அறிவித்தார். வாழ்வின் மிகப் பெரிய தவற்றைச் செய்கின்றீர் என்று அவருடைய முகவரே எச்சரித்தார். பிரவுண் அதை ஏற்கவில்லை.

வட கரோலினாவின் லூயிஸ்பேர்க் என்ற சிற்றூருக்கு அண்மையில் ஏறக்குறைய 1000 ஏக்கர் நிலத்தை அவர் வாங்கினார். அதற்கு முன் அவர் விவசாயம் செய்தவரல்லர். யூரியூப் காணொளிகளைப் பார்த்தும், அயலிலுள்ள விவசாயிகளிடம் கேட்டும் கற்றுக்கொண்டார். பண்ணைக்கு அவர் இட்ட பெயர் ‘முதற்கனிகள்’ என்பதாகும். 2014ஆம் ஆண்டு அங்கு விளைந்த முதல் வற்றாளங்கிழங்கு அறுவடை ஏறக்குறைய ஓர் இலட்சம் இறாத்தல், அதாவது 45,000 கிலோ. தொண்டர்கள் வயலில் இறங்கி அதைப் பொறுக்கியெடுத்தனர். அனைத்தும் பசித்தோருக்கு இலவசமாகச் சென்றது.

பணமுள்ளவர் கொடுத்தார், இதில் என்ன வியப்பு என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கோடிக்கணக்கில் ஈட்டியவருக்கு நிலம் வாங்குவது எளிது. நாள் கூலியில் வாழும் குடும்பத் தந்தை தம் தொழிலைத் துறந்துவிட முடியாது. துறக்கவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. கொடுத்தால் இறைவன் பன்மடங்காய்த் திருப்பித் தருவார் என்று இவ்வரலாற்றை ஒரு வியாபாரமாக விளக்குவதையும் என்னால் ஏற்க இயலாது. மழையும் வறட்சியும் நல்லவர் நிலம், தீயவர் நிலம் எனப் பார்ப்பதில்லை.

நாம் கவனிக்கவேண்டியது தொகையை அன்று, வரிசையை. நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆண்டவர் திருமுன் கொண்டுசெல்லுமாறு இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகின்றது. அதே அதிகாரத்தில் அந்நியரும் அநாதையும் கைம்பெண்ணும் வயிறார உண்ணவேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. முதற்கனியைக் கொடுப்பவர், இனி வரும் விளைச்சல் எவ்வளவு என்பதை அறியாமலேயே கொடுக்கின்றார். ஆகவே அது விசுவாசச் செயலாகின்றது. எஞ்சியதைக் கொடுப்பதற்கு விசுவாசம் தேவைப்படுவதில்லை. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு சுட்டிக்காட்டியதும் இதன் பொருட்டே (மாற்கு 12:41-44). ஏனையோர் மிகுதியிலிருந்து போட்டனர். அவரோ தம் பிழைப்பையே போட்டார்.

நம் பாட்டிமாரின் பிடியரிசி வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து, சமைப்பதற்கு முன்னரே, ஒரு பிடி தனிப் பானைக்குச் சென்றுவிடும். உண்டபின் மிஞ்சிய சோற்றை எவரும் பிடியரிசி என்று அழைத்ததில்லை. வறுமை மிகுந்த நாட்களிலும் அந்தப் பானை காய்ந்துவிடாமல் காத்தவர்கள் அவர்கள்.

இன்று நம் இல்லங்களில் அந்தப் பிடி எங்கே? பிள்ளையின் முதற் சம்பளம் வரும் நாளில் முதலில் பேசப்படுவது எது? தனியார் வகுப்பும் தொலைக்காட்சியும் முடிந்து, கண்கள் சொருகும் வேளையில்தானே செபமாலை கைக்கு வருகின்றது? நோயுற்ற அயலவரைப் பார்ப்பதை நேரம் கிடைக்கும்போது என ஒத்திவைக்கின்றோம். அந்த நேரம் கிடைப்பதேயில்லை. மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டோம் என்று நிறைவடைகின்றோம். இதுவே இன்று நம் குடும்பங்களின் பெரிய வறுமை என்பது என் கருத்து.

பிறர் கண்ணில் படாமல் குடும்பத்தைத் தாங்கும் தாய்மாரும் தந்தைமாரும் அந்த முன்வரிசை வீரரைப் போன்றவர்களே. உங்கள் பெயரை எவரும் அறிவிப்பதில்லை. மறைவில் உள்ளதைக் காணும் விண்ணகத் தந்தை அறிகின்றார். அந்த உழைப்பின் பலன் கைக்கு வரும்போது, முதற்பிடியை எடுத்து வைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். இந்த வாரமே, ஒரு சிறு பானையிலாவது தொடங்குங்கள்.

ஆண்டவரே, நாங்கள் பெற்றதெல்லாம் உம்மிடமிருந்து வந்தது. அதன் முதற்பங்கை, எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே, உமக்கும் உம் ஏழைகளுக்கும் கொடுக்கும் துணிவை எங்கள் இல்லங்களுக்குத் தாரும். ஆமென்.