எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நாட்டின் மேல் அக்கறை டெல்லியில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா? வடலூரில் ஊசி பிடித்துப் பிழைக்கிறவளுக்கு இருக்காதா? 2020 ஜூன் 15 அன்று கல்வானில் 20 வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவர் உடல் சொந்த ஊருக்கு வந்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து அழுத எத்தனையோ பெண்களில் நானும் ஒருத்தி. அந்த நேரத்தில் யாராவது வந்து, "அம்மா, இந்த டிக்டாக் ஆப்பால் நாட்டுக்கு ஆபத்து, இதோ ஆதாரம், விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் என் கையாலேயே அழித்திருப்பேன்.

யாரும் சொல்லவில்லை. ஜூன் 29, திங்கட்கிழமை இரவு. டிவியில் கீழே எழுத்து ஓடியது: 59 சீனச் செயலிகளுக்குத் தடை. மறுநாளே அதில் ஒன்றான டிக்டாக் ஆப் ஸ்டோரை விட்டுத் தூக்கப்பட்டது. போனில் இருந்ததும் திறக்காமல் போனது. எத்தனை முறை தட்டினாலும் இணைப்பு இல்லை என்றே வந்தது. என் பிழைப்பு அந்த எழுத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

என்ன பிழைப்பு என்று கேட்பீர்கள். ஆடினாயா, பாடினாயா என்று கேட்பீர்கள். ஊரே அப்படித்தான் கேட்டது. நான் ஆரி வேலை செய்கிறவள். கட்டில் ஃப்ரேமில் பிளவுஸ் துணியை முரசு போல விறைப்பாக இழுத்துக் கட்டி, துளையிட்ட பட்டர் பேப்பரை மேலே வைத்து டிசைனைப் பதிய வைத்துவிட்டு உட்கார்ந்தால், முதுகு ஒடிந்தாலும் எழுந்திருக்க முடியாது. இடது கை துணிக்கு அடியில் நூலை ஊட்டும். வலது கை கொக்கி ஊசியால் அதை மேலே இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சங்கிலிக் கண்ணி. அந்தக் கண்ணிகள் சேர்ந்து மயிலின் கழுத்தாகும், தோகையாகும். நடுவில் ஒரு குந்தன் கல், சுற்றிலும் ஜர்தோசி. இதைத்தான் 15 விநாடி படமாகப் போட்டேன். என் முகம்கூட அதில் வராது. கையும் ஊசியும் துணியும் மட்டும்தான்.

வடலூரில் ஒரு லைனிங் பிளவுஸுக்கு நூறு ரூபாய் கேட்டால், "எண்பதுக்குத் தைக்கிறாங்களே" என்று பேரம் பேசுவார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் வீட்டு நிலைமையும் அதுதான். பாதி வீடுகளில் ஆம்பிளைகள் என்எல்சி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளிகள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். இந்த ஊரில் ஆரி பிளவுஸுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். ஓசூரிலிருந்து வந்தார்கள். சிங்கப்பூரில் கல்யாணம் வைத்த ஒரு குடும்பம் அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பித் தைத்து வாங்கிக்கொண்டது. தைப்பூசத்துக்கு சத்திய ஞான சபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும்போது லட்சக்கணக்கில் ஜனம் கூடும் ஊர் இது. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து, "நீங்கதானே அந்த ஆரி அக்கா?" என்று என் கடை வாசலில் நின்றார்கள். எனக்கு அறிமுகமே இல்லாத பெண்கள். அன்றைக்கு எனக்கு வந்த கண்ணீரை இன்று நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

இது எப்படி நடந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். மற்ற ஆப்களில் நம்மைத் தெரிந்தவர்கள்தான் நம்மைப் பார்ப்பார்கள். எனக்கு யாரைத் தெரியும்? டிக்டாக் அப்படியில்லை. நான் போட்டதை முதலில் முகம் தெரியாத கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டும். ஜாதி கேட்காது, படிப்பு கேட்காது, ஆங்கிலம் கேட்காது. இந்தியாவில் 14 மொழிகளில் இருந்தது, 20 கோடிப் பேர் வைத்திருந்தார்கள். உடன்குடி ஜி.பி. முத்து அதில்தான் ஊருக்குத் தெரிந்தவரானார். அவர் யூடியூப்புக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார், நல்லது. என் போன்றவர்கள் எங்கே போவது?

போட்ட படங்களை எடுத்துக்கொள்ளக்கூட அவகாசம் தரவில்லையே! போனில் இடம் போதாது என்று ஏற்றிய படங்களை உடனே அழிப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். என் வேலைக்கு இருந்த ஒரே ஆல்பம் அதுதான். யார் என்ன டிசைன் கேட்டார்கள், எந்த ஊர், எந்த மாதம் கல்யாணம் என்பதெல்லாம் கமெண்டில்தான் இருந்தது. ஒரே இரவில் மொத்தமும் போனது.

அதுவும் எப்போது? ஊரடங்கு காலத்தில். கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. அடுத்து வந்த ஜூலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முழு அடைப்பு. மகளிர் குழுவில் கடன் வாங்கி ஓவர்லாக் மெஷின் வாங்கியிருந்தேன். தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, வட்டி நிற்கும் என்று சொல்லவில்லை. கல்யாணங்கள் மறுபடி தொடங்கும்போது ஆர்டர் வரும் என்று ஒரே ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். கல்யாணங்கள் தொடங்கின. என்னைத் தேடி வரும் வழியைத்தான் அடைத்துவிட்டார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு என்றார்கள். இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்றார்கள். 2009-ல் போட்ட விதிகளின்படி ஒன்றை முடக்கும் முன் சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். அவசரம் என்றால் கேட்காமலே முடக்கலாம் என்று அதே விதிகளில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். சரி, அவசரம். முடக்கிய பிறகாவது கேட்டிருக்கலாமே? கம்பெனியை அழைத்து விளக்கம் கேட்டார்கள், 2021 ஜனவரியில் தடையை நிரந்தரமாக்கினார்கள். அந்த ஏழு மாதத்தில் இதை நம்பிச் சோறு தின்ற ஒருவரையாவது அழைத்துக் கேட்டீர்களா? நாங்கள் அந்தச் சீனக் கம்பெனியின் கையாட்களா? உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் இல்லையா?

எங்கள் பக்கத்தில் நிலம் பறிபோவது எப்படி என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நெல் வயலில் என்எல்சி கால்வாய் தோண்ட மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. விவசாயிகள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அங்கேயும் அநியாயம்தான் நடந்தது. ஆனாலும் பட்டா என்று ஒரு காகிதம் இருந்தது. கோர்ட்டு இருந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது போதாது என்று சண்டை போடவாவது அவர்களுக்கு ஒரு தொகை இருந்தது. என் பயிருக்கு சர்வே எண் கிடையாது. அழிந்தது என்று எழுதிக்கொள்ளக்கூட ஒரு வி.ஏ.ஓ. வரவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அவர்களுக்கும் இதே பயம்தான், இதே சீனாதான். 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். விற்றுவிட்டுப் போ என்று கம்பெனிக்கு 270 நாள் கெடு கொடுத்தார்கள். டிக்டாக்கில் பிழைத்த சாதாரண ஆட்களே வழக்குப் போட்டார்கள், அவர்கள் வக்கீல் பேசியதையும் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து கேட்டது. 2025 ஜனவரி 17-ல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாகத்தான் வந்தது. அவர்களும் தோற்றார்கள்தான். ஆனால் தங்கள் வழக்கைச் சொல்லிவிட்டுத் தோற்றார்கள்.

இங்கேயும் ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். 2019-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் டிக்டாக்கைத் தடை செய்ய வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அப்போதைய அமைச்சர் மணிகண்டன் மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றார். ஏப்ரல் 3-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரனும் சுந்தரும் இடைக்காலத் தடை விதித்தார்கள். கலாச்சாரம் கெடுகிறது, பிள்ளைகள் சீரழிகிறார்கள் என்பது வழக்கு. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார், தடை தீர்வாகாது, முறையாகப் பயன்படுத்துகிறவர்களின் உரிமையையும் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அதே ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. எங்களுக்காக ஒருவர் எழுந்து பேசியது அந்த ஒரு முறைதான்.

அசிங்கம் இருந்தது, மறுக்கவில்லை. என் கையை மட்டும் காட்டிய படத்துக்குக் கீழேயே வாயில் சொல்ல முடியாததை எழுதினார்கள். வண்டியில் வித்தை காட்டிப் பிள்ளைகள் செத்தார்கள். கேலி தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. அதற்கெல்லாம் போலீஸ் வேண்டும், புகாரை வாங்கும் ஸ்டேஷன் வேண்டும். இன்றைக்கு ரீல்ஸில் அதே அசிங்கம் அதைவிட அதிகமாக ஓடுகிறது. அதை யார் தடை செய்தார்கள்? தடை வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 8-ல் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். அவையும் வெளிநாட்டுக் கம்பெனிகள்தானே? என் பெயர், என் முகம், என் ஊர், நான் எதை எத்தனை நேரம் பார்க்கிறேன் என்பதெல்லாம் சீனாவுக்குப் போனால் ஆபத்து, அமெரிக்காவுக்குப் போனால் பரவாயில்லையா? மக்களின் தகவலைக் காக்கத் தனிச் சட்டம் ஒன்றை 2023-ல்தான் நிறைவேற்றினீர்கள். 2020-ல் எங்கள் தகவலுக்காகத் துடித்த நெஞ்சு, அந்த மூன்று வருஷம் எங்கே இருந்தது?

சீனாவோடு உறவே வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். 2020-ல் ஐபிஎல் ஸ்பான்சர் இடத்தை விட்டு விலகிய சீனக் கம்பெனி விவோ 2021-லேயே திரும்பி வந்து பெயரை மாட்டிக்கொண்டது. சீனாவிலிருந்து இறக்குமதி 2023-24-ல் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த 59-ல் ஒன்றான ஷீன், 2025-ல் ரிலையன்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குள் வந்துவிட்டது. தகவல் இந்தியாவிலேயே இருக்கும் என்பது ஏற்பாடாம். அப்படி ஒரு ஏற்பாடு துணி விற்கும் பெரிய கடைக்குச் செய்ய முடியும் என்றால், துணியில் ஊசி போடுகிறவளுக்கு ஏன் செய்யவில்லை? பெரியவர்களின் வியாபாரத்துக்குப் பேச்சுவார்த்தை. எங்கள் வயிற்றுக்கு மட்டும் பூட்டு.

எனக்கு ரீல்ஸ் போடத் தெரியாமல் இல்லை. போட்டேன். பத்துப் பேர் பார்த்தார்கள், அதில் பாதி என் சொந்தக்காரர்கள். காசு கட்டினால் நிறையப் பேருக்குக் காட்டுகிறோம் என்று வருகிறது. சென்னையில் ஏசி கடை வைத்து மாடல் பெண்ணுக்கு உடுத்திப் படம் எடுக்கிறவர்களோடு நான் காசு கட்டிப் போட்டி போட முடியுமா? இப்போது பழையபடி லைனிங் பிளவுஸ் தைக்கிறேன். கட்டில் ஃப்ரேம் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. விரல் மரத்துப் போகக் கற்றுக்கொண்ட தொழில், ஐயா!

இதையெல்லாம் விடக் கொடுமை ஊர் பேசிய பேச்சு. தடை வந்த மறுநாள் என் தெருவில் வெடி வெடிக்காத குறை. "ஒழிந்தாளுங்க டிக்டாக்காரிங்க" என்று என் காதுபடச் சொன்னார்கள். பொம்பளை போனைக் கையில் எடுத்துச் சம்பாதித்தது இவர்களுக்கு அத்தனை உறுத்தலாக இருந்திருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு என்ற பேச்சு, அந்த வன்மத்துக்கு நல்ல போர்வையாக அமைந்தது. நான் தேசத்துரோகியா? வாய் திறந்து, "என் பிழைப்பு போச்சே" என்று சொல்லவும் பயந்து, இத்தனை வருஷம் தலையைக் குனிந்து நடந்தேனே, அதற்கு யார் பதில் சொல்வது?

அந்நிய ஆப்பைத் தடை செய்யும் அதிகாரம் அரசுக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்து உண்மையாக இருந்தால் தடை செய்யட்டும். ஆனால் அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே கடமையும் இருக்க வேண்டும். எங்கள் படங்களையும் எங்கள் வாடிக்கையாளர் விவரங்களையும் எடுத்துக்கொள்ள முப்பது நாள் கொடுங்கள். பிழைப்பை இழக்கிறவர்கள் வந்து முறையிட ஓர் இடத்தைக் கை காட்டுங்கள். நாட்டுக்காக எங்கள் வருமானம் போகிறதென்றால், நாட்டுக்காக நிலம் கொடுத்தவர்களுக்குச் செய்வதைப் போல எங்களுக்கும் ஒரு நஷ்ட ஈடு பேசுங்கள். நாளைக்கு இன்னொரு ஆப்பை, இன்னொரு நாட்டுக்காரனுடையதை, இதே போல ஒரு ராத்திரியில் மூட நினைத்தால், அதில் இட்லி மாவு விற்கிறவளும் டியூஷன் எடுக்கிறவளும் இருப்பார்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

முதல் வேலையாக, 2020 ஜூன் 29-ல் போட்ட அந்த ஆணையின் முழு நகலையும் அதற்கான ஆதாரத்தையும் வெளியிடுங்கள். இதுநாள் வரை எங்களுக்குக் கிடைத்தது ஒரு பத்திரிகைச் செய்திக்குறிப்பு மட்டும்தான்.