முதலில் 200!

பிரான்ஸ் நாட்டில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் சைக்கிள் சவாரி நடக்கிறது. தூரம் 1,200 கிலோ மீட்டர். கெடு 90 மணி நேரம். 1891-ல் இது பந்தயம். இப்போது பரிசு கிடையாது. உத்தியோகம் பார்ப்பவர்கள், பெண்கள், தலை நரைத்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

ஆனால், ஆசைப்பட்டவுடன் புறப்பட முடியாது! அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோ மீட்டர் சவாரிகளை முடித்துக் காட்ட வேண்டும். "இது என்ன தொல்லை?" என்று இளைஞர்கள் சலித்துக்கொள்ளலாம். தொல்லை அல்ல, இதுதான் நியாயம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். முழங்கால் அப்படி அல்ல. 200-லேயே வலிக்கும் முழங்கால், 600-ல், நடு இரவில் என்ன பாடுபடுத்தும்?

எப்போது சாப்பிடுவது, எங்கே கண்ணயர்வது என்பதையும் இந்தச் 'சின்ன' சவாரிகளில்தான் கற்கிறார்கள். 600-க்குக் கொடுக்கும் நேரம் 40 மணி. பலர் அங்கேதான் முதன்முதலாகச் சாலையோரத்தில் தூங்குகிறார்கள்.