தோற்றாலும் மனிதர்தான்

பொங்கல் விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பு மேடையில் ஒரு வசனம் தவறாமல் வந்து விழும்: "விளையாட்டுக்கு ஏது சாதி?" கைதட்டல் அடங்கியதும் ஓர் அணி ஊர்த்தெருவுக்கும் இன்னொன்று காலனிக்கும் பிரிந்து போகும். சேர்ந்து ஆடினால் சாதி போய்விடும், ஜெயித்துக் காட்டினால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. சினிமா அதை ஊட்டி வளர்க்கிறது. ஆனால் அது பொய். அவமானப்பட்டவர் தலையிலேயே சுமையையும் ஏற்றிவைக்கும் பொய்.

இந்த வகைப் படங்களுக்கு ஹாலிவுட்டின் 'க்ளோரி ரோடு' (2006) நல்ல மாதிரி. 1966 மார்ச்சில் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் கூடைப்பந்து அணி, முதல் ஐவரும் கறுப்பினத்தவராக இறங்கி, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கி பல்கலைக்கழக அணியை 72–65 என வீழ்த்திய கதை அது. படத்தில் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் வந்த முதல் பருவத்திலேயே கோப்பை கிடைத்துவிடுகிறது. நிஜத்தில் அவர் வந்தது 1961இல். அவருக்கு முன்பே, 1956இலேயே, அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர் ஆடத் தொடங்கிவிட்டார். அதற்கும் முந்தைய ஆண்டு, ஒரு வழக்கின் விளைவாகத்தான் கல்லூரியின் கதவே திறந்தது. படம் வழக்கை விட்டுவிட்டுப் பந்தைப் பிடித்துக்கொண்டது. தோற்ற கென்டக்கியாவது உடனே மனம் மாறியதா? அங்கே முதல் கறுப்பின வீரர் களமிறங்க 1970 ஆயிற்று.

நம் நாட்டு உதாரணம் இன்னும் கசப்பானது. பல்வங்கர் பாலு, தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபடி, வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசியே தேறியவர். மதவாரியாக அணிகள் மோதிய அந்தக் காலத்தில் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. துரைமார்களைத் தோற்கடிக்க அவர் தேவைப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்குக்கு வெளியே, குடித்ததும் வீசியெறியும் மண்குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தினார். அப்போதும் அணித் தலைமை அவர் பக்கம் வரவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து அணியைவிட்டு விலகினார்கள். அதன் பிறகே பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைவரானார். காந்தி தீண்டாமைக்கு எதிராகப் பேசிவந்த காலம் என்பதும் கைகொடுத்தது. நூறு விக்கெட் வாங்கித் தராததை ஒரு மறுப்பு வாங்கித் தந்தது. பாலுவின் கதையைப் படமாக்கினால் க்ளைமாக்ஸில் பந்துதான் சுழலும், தம்பிகளின் விலகல் அங்கே இருக்காது என்று பந்தயமே கட்டலாம்.

நூறாண்டு ஓடிவிட்டதே என்பவர்களுக்கு வந்தனா கட்டாரியாவை நினைவூட்டலாம். 2021 ஜூலை 31 அன்று, டோக்கியோவில், ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்திய ஹாக்கி வீராங்கனை ஆனார். ஆகஸ்ட் 4 அன்று இந்தியா அரையிறுதியில் தோற்றது. ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதுதான் தோல்விக்குக் காரணம் என்று ஏசியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தனர். ஹாட்ரிக் வாங்கித் தந்த மரியாதைக்கு ஆயுள் நான்கு நாள்.

அரக்கோணம் பக்கத்துக் கதையான 'ப்ளூ ஸ்டார்' (2024) ஹாலிவுட் படத்தைவிட நேர்மையானது. சாதியை மூடி மறைக்கவில்லை. ஆனாலும் அதில் ஊர்த்தெருவின் கிரிக்கெட் அணியும் காலனியின் அணியும் கைகோர்ப்பது வெளியிலிருந்து வந்த அவமானத்துக்குப் பிறகுதான். பொது எதிரி கிடைக்காத ஊர் என்ன செய்வது?

விளையாட்டால் பயனே இல்லை என்பதல்ல. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கபடி ஆடிய பையனால் ஒரு வீட்டுக்குச் சம்பளம் வரும். ஊருக்கு நியாயம் வராது.

சேர்ந்திருந்தாலே சாதி கரையும் என்றால் திருவண்ணாமலையில்தான் முதலில் கரைந்திருக்க வேண்டும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் தோள் உரச நடக்கிறார்கள். யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. அதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தார் ஏறக்குறைய 80 ஆண்டுகளாகக் கால்வைக்க முடியவில்லை. 2023 ஜனவரி 30 அன்று நுழைந்தார்கள். அதற்காக அவர்கள் எந்தக் கோப்பையையும் வென்று காட்டவில்லை. உரிமை கேட்டார்கள், அமைதிப் பேச்சு நடந்தது, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போலீஸ் படையோடு வந்து நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. அங்கே தகராறு தொடங்கியது ஒரே பள்ளியில் படித்த இரண்டு இளைஞர்களுக்கிடையே என்று செய்திகள் வந்தன. ஒரே பள்ளி செய்யாததை ஒரே ஆடுகளம் செய்துவிடுமா?

மேடையேறும் பிரமுகர்கள் அந்த வசனத்தைக் கைவிட்டு உருப்படியாகச் சில வேலைகள் செய்யலாம். பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த பரிந்துரையை, தங்கள் ஊர்ப் பள்ளியில் நடைமுறைப்படுத்தச் சொல்லலாம். போட்டி நடத்தும் குழுவில் காலனிக்காரர்களைச் சேர்க்கலாம். கோப்பையை நீட்டுவதற்கு முன், தோற்ற அணிப் பையன்களும் இந்த ஊர்க் கோயிலுக்குள் போகலாமா என்று மைக்கில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மேடையிலேயே நிற்கட்டும்.