கொடி ஏறிய பிறகு கண்மாய்க்கு யார் பொறுப்பு?

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தன. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அங்கீகாரத்தால் மட்டும் ஆக்கிரமிப்பு நீங்கிவிடவில்லை. இன்ஷா அல்லாஹ், அது நீங்கும் நாளில் அம்மக்கள் முன் ஒரு கேள்வி நிற்கும்: பழைய அதிகாரம் போன பின், அதன் கையில் இருந்த வேலைகளை யார் செய்வது?

1947-க்குப் பின் நம் நாடும் இதே கேள்வியைச் சந்தித்தது. அருப்புக்கோட்டை பக்கத்துப் பாலவனத்தமே அதற்குச் சாட்சி.

பாலவனத்தம் ஒரு ஜமீன். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இதன் ஜமீன்தாராக இருந்தவர். இப்படிப்பட்ட ஜமீன்களில் உழவர் ஜமீனுக்கு வரி கட்டினார். ஜமீன் வெள்ளையருக்குக் கட்டியது. சுதந்திரம் வந்த மறு ஆண்டே, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. ஜமீன்தார்களுக்கு இழப்பீடு, உழவர்களுக்கு ரயத்துவாரி பட்டா என்பது அதன் சாரம்.

சட்டம் இயற்றுவது எளிது. ஒவ்வொரு வயலையும் அளந்து, யார் உழுகிறார் என விசாரித்து, பட்டா எழுதுவது ஆண்டுக்கணக்கான வேலை.

கண்மாயின் கதை இன்னும் கடினம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையையும் கண்மாயையும் நம்பிய வானம் பார்த்த பூமி. கரையை உயர்த்துவதும் வரத்துக்கால் வெட்டுவதும் ஊர் கூடிச் செய்யும் குடிமராமத்து. கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தபின் பெரியவை பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் பிரிந்தன. 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்று ஊர் ஒதுங்கியது. அரசுக்கோ ஆளும் பணமும் போதவில்லை. மண் மேடிட்டது, சீமைக்கருவேலம் மண்டியது. 2017-ல் தமிழக அரசே குடிமராமத்து என்ற பெயரில் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று.

ஜமீனை ஒழித்தது நீதியே. அதில் நமக்கு ஐயமில்லை. அநீதியான அதிகாரத்தை அகற்றும்போது, அதனிடம் இருந்த கடமைகளைப் புதியவர்கள் முறையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே பாடம்.

இராக் வெற்றிகொள்ளப்பட்டபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விளைநிலங்களைப் படைவீரர்களுக்குப் பங்கிடவில்லை. உழுதவர்களிடமே விட்டு, உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களைக் கொண்டு அளக்கச் செய்து, வரியைப் பொதுக்கருவூலத்தில் சேர்த்தார்கள். ஆட்சி அமானிதம் என்பதை அவர்கள் செயலில் காட்டிய விதம் அது.

அந்த அமானிதத்தில் நமக்கும் பங்குண்டு. அடுத்த கிராமசபையில் நம் ஊர்க் கண்மாயைப் பற்றிக் கேட்போம். கரையில் மண் அள்ளிப் போடும் நாளிலும் ஊரோடு நிற்போம்.