வழியில் இறங்காத பயணம்

திரைப்படத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதுவது கண்டு சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்தருள்க. நான் சொல்ல வந்தது பயணத்தைப் பற்றியே.

1966-ஆம் ஆண்டில் திருமலை–மகாலிங்கம் இயக்கத்தில் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' என்றொரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் ஆகியோர் நடித்தனர். கதையின் பெரும்பகுதி பேருந்துக்குள்ளேயே நிகழ்கிறது. இதுவே 1972-இல் இந்தியில் 'பாம்பே டு கோவா' ஆயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லாத அந்நாளில், சென்னையிலிருந்து புதுவை செல்லும் பேருந்து எங்கள் திண்டிவனத்தில்தான் பெருஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பும். ஆதலின் எம் பகுதியினருக்கு அப்படத்தின்மீது ஒரு தனி உரிமை உண்டு.

பேருந்துப் பயணத்தில் ஒரு நன்மை இருக்கிறது. அங்கே எவரும் எசமானர் அல்லர். பிறருக்காகவும் வண்டி நிற்கும். சொந்த வண்டியிலோ குடும்பத் தலைவர் வைத்ததே சட்டம். அமெரிக்காவில் 1983-இல் வெளிவந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்' இதைத்தான் நகையாடுகிறது. அதன் வெற்றியால் 1985, 1989, 1997, 2015 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ப்படங்கள் வந்தன. முதற்படத்தில் ஒரு தகப்பனார் மனைவி மக்களுடன் சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குக் காரில் புறப்படுகிறார். வழியெங்கும் தொல்லை. உடன்வந்த முதிய அத்தை இறந்தும் போகிறார். உலகமே வியக்கும் 'கிராண்ட் கேன்யன்' பள்ளத்தாக்கைச் சில நொடிகள் பார்த்துவிட்டு ஓடுகிறார் அவர். இறுதியில் சென்று சேர்ந்தால் பூங்கா மூடிக் கிடக்கிறது!

பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தகப்பன் நானே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், பஜ்ருத் தொழுகை முடித்து, விழுப்புரத்திலிருந்து வாடகை வேனில் சென்னைக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஊர் நெருங்கியதும், "தங்கச்சியை ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போகலாமா தம்பி?" என்றார் என் தாயார். "நேரமாகும்மா, திரும்பும்போது பார்ப்போம்" என்றேன். வேன் புறவழிச்சாலையில் விரைந்தது.

வழியில் எஞ்சின் கொதித்து நின்றது. கடற்கரையை அடைந்தபோது உச்சி வெயில். பிள்ளைகளால் மணலில் கால் வைக்க இயலவில்லை. திரும்புகையில் நள்ளிரவு. "இந்நேரத்தில் யாரை எழுப்புவது?" என்று என் தாயாரே சொல்லிவிட்டார்.

மூன்று மாதங்களில் சின்னம்மா வஃபாத்தான செய்தி வந்தது. அன்று திண்டிவனத்தில் இறங்கினோம். என் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

பயணியின் சிரமம் கருதி நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தந்த மார்க்கம் நம்முடையது. அச்சலுகையை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்பவன், பெற்ற தாய்க்கு அரைமணி நேரச் சலுகை தரவில்லை.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு புறப்படும் சகோதரர்களே! வண்டியில் ஏறுமுன், எங்கே இறங்க வேண்டும் என்று வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடற்கரை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.