தாலிக்கு விலை 29,000 பவுண்டா?

கணவனையும் மனைவியையும் இரண்டு கண்டங்களில் நிறுத்திவிட்டு, "உங்கள் தாம்பத்தியம் உண்மைதானா, அத்தாட்சி காட்டுங்கள்" என்று கேட்கிறது பிரிட்டன் அரசு. காட்டினாலும் போதாது. அங்கே இருப்பவரின் சம்பளம் ஆண்டுக்கு 29,000 பவுண்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தாலி கட்டியதும், பதிவு செய்ததும், பெரியவர்கள் கூடி வாழ்த்தியதும் எதற்கும் ஆகாது. இந்த விதி தவறு. இதைத் திருத்தியாக வேண்டும்.

மைசூரு ஹெப்பாள் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழ் இளைஞர் ஒருவர், தம் பிரிட்டன் விசா விண்ணப்பக் கோப்பை அண்மையில் நம்மிடம் காட்டினார். மனைவி லெஸ்டரில் முதியோர் இல்லப் பராமரிப்பாளர். சிறு வயதிலேயே பெற்றோருடன் அங்கே போய், குடியுரிமையும் பெற்றவர். கல்யாணமாகிப் பதினாறு மாதம். சேர்ந்திருந்தது மொத்தம் நாற்பத்தொரு நாள். கோப்பில் திருமணப் பதிவுச் சான்றிதழ், போர்டிங் பாஸ், வாட்ஸ்அப் அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தாள் தாளாக இருந்தன. இரவு ஷிப்ட் முடிந்து அவர் பேசும் காலை எட்டு மணி, கோடைக் கணக்கில் இங்கே பகல் பன்னிரண்டரை. கேன்டீன் மாடிப்படியில் நின்று இவர் பேசியதெல்லாம் நிமிடக் கணக்கோடு அச்சாகியிருந்தது. அரட்டைப் பக்கங்களில் சில வரிகள் மட்டும் கறுப்பு மார்க்கரால் அடிக்கப்பட்டிருந்தன. நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். "அது நாங்க சண்டை போட்ட நாளுங்க. அதை அப்படியே வெச்சா சந்தேகப்படுவாங்களோன்னு பயம்." புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட ஒரு அரசுக்குப் பயந்து மறைக்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

விதியின் கதையைப் பார்ப்போம். 2012 ஜூலையில் இந்த வருமான வரம்பு வந்தபோது 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 அன்று ஒரே தாவலில் 29,000 ஆனது. அதையும் 38,700 வரை உயர்த்தப் போவதாக முந்தைய அரசு அறிவித்திருந்தது. தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து அந்த உயர்வை நிறுத்தி வைத்ததே தவிர, 29,000 ஐக் குறைக்கவில்லை. இந்தத் தொகை யாரை வெளியே தள்ளுகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2025 ஏப்ரலில் பிரிட்டன் அரசே நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் ஒரு நாள் விடாமல் உழைத்தால் 25,397 பவுண்டு வரும். அதாவது, நேர்மையாக முழுநேரம் உழைப்பவருக்கு இவ்வளவு போதும் என்று ஒரு கையால் எழுதிய அரசு, அதே ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியாது என்று மறு கையால் எழுதுகிறது. நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பவருக்கும், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும், கடையில் நிற்பவருக்கும் கணவனோ மனைவியோ கூடாதா?

லெஸ்டரில் இருக்கும் அந்தப் பெண் இப்போது சனி ஞாயிறுகளில் இன்னொரு வேலைக்கும் போகிறார். போனால் மட்டும் போதாது. அந்த உயர்ந்த வருமானத்தை ஆறு மாதப் பே ஸ்லிப்பாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இதிலும் கொடுமை, மைசூருவில் இருக்கும் கணவரின் சம்பளத்தில் ஒரு பைசாவும் கணக்கில் வராது என்பது. வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிப்பவர் இங்கே எவ்வளவு சம்பாதித்தாலும், நாளை அங்கே போய் எவ்வளவு சம்பாதிக்கக்கூடியவராக இருந்தாலும், விதி பார்ப்பது அங்கே இருப்பவரின் வருமானத்தைத்தான். வந்தவர் அரசு உதவியில் விழுந்துவிடக் கூடாது என்பதே இந்த வரம்புக்குச் சொல்லப்படும் காரணம். கை நிறையத் தொழில் தெரிந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு இதைச் சொன்னால் யார் நம்புவது? சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு, ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய், வங்கியில் கிடக்க வேண்டும். இதற்குமேல் 2025 ஏப்ரல் நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணம் 3,105 பவுண்டு, ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை. பணம் படைத்தவனுக்கு இது ஒரு படிவம். மற்றவர்களுக்கு இது மதில்.

நம் நாட்டு மணமக்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1979 ஜனவரியில், திருமணம் செய்துகொள்ள லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய இந்தியப் பெண் ஒருவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி வெளியானதும் எழுந்த கொதிப்பில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 1985 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மனைவியோடு சேர வரும் கணவர்கள் விஷயத்தில் பிரிட்டன் பாரபட்சம் காட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் அதற்குச் செய்த திருத்தம், கணவர்களுக்குக் கதவைத் திறப்பதல்ல. மனைவிகளுக்கும் அதே கெடுபிடியைக் கொண்டுவந்தது. 'கல்யாணமே இங்கே வருவதற்காகத்தான்' என்று முன்கூட்டியே முடிவு கட்டிய இன்னொரு விதி, நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கண்ணீர் விட்ட பிறகு 1997 இல்தான் ஒழிந்தது. அன்று ஒழித்ததைத்தான் இன்று சம்பளச் சீட்டின் பெயரில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நாம் கருதுகிறோம்.

2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வருமான வரம்பைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டாலும், குழந்தைகளின் நலனை அந்த விதிகள் போதிய அளவு பார்க்கவில்லை என்று கண்டித்தது. அரசே அமைத்த குடிபெயர்வு ஆலோசனைக் குழு 2025 ஜூனில், 23,000 முதல் 25,000 பவுண்டு வரையான வரம்பும் ஒரு வழி என்று எழுதிக் கொடுத்தது. வழி கேட்டவர்களே, காட்டிய பிறகு ஏன் தயங்குகிறார்கள்?

இன்னொரு அநீதியையும் சொல்லாமல் விடக் கூடாது. 2024 மார்ச் 11 முதல், பிரிட்டனுக்குப் புதிதாகப் பராமரிப்பு வேலைக்குப் போனவர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் நாட்டுப் பெற்றோரைக் குளிப்பாட்டிச் சோறூட்ட நம் வீட்டுப் பெண்ணின் கை வேண்டும். அவள் பிள்ளை மட்டும் வேண்டாம்.

நம் அரசையும் கேட்கிறோம். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீதத் தீர்வையை உடனே 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் இறக்க இந்தியா இசைந்தது. இவ்வளவு விட்டுக்கொடுத்த மேசையில், பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்காக என்ன பேசப்பட்டது? ஊரை விட்டுப் போவதை எளிதாக்குவதில் நாம் சுறுசுறுப்பானவர்கள்தான். நாட்டின் முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்கள் இரண்டில் ஒன்று 2017 ஜனவரியில் மைசூருவில் திறக்கப்பட்டது, நல்ல காரியம். போனவர்கள் குடும்பத்தோடு சேர வழி தேடுவதிலும் அந்தச் சுறுசுறுப்பு வேண்டும்.

நம் வாசலையும் பெருக்க வேண்டும். இந்தியரை மணந்த வெளிநாட்டவர், ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கவே, பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு. அதுவரை விசா நீட்டிப்புக்கு அலைச்சல்தான். யோகா கற்க வந்து மைசூரு கோகுலத்தில் தங்கி, இந்த மண்ணிலேயே வாழ்க்கைத் துணையைத் தேடிக்கொண்டவர்களுக்கும் இதே விதிதான். பிரிட்டனை நோக்கி நீட்டும் விரல் நேராக இருக்க, இந்தக் காத்திருப்புக் காலத்தை இந்தியா குறைக்க வேண்டும்.

பிரிட்டன் அரசு வருமான வரம்பை முழுநேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் போகாமல் இறக்க வேண்டும். விண்ணப்பிப்பவரின் சொந்தச் சம்பாத்தியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலைக்காகவும் விசாவுக்காகவும் பிரிந்திருந்த நாட்களை அந்தத் தம்பதிக்கு எதிரான சாட்சியாகப் பார்க்கக் கூடாது. பராமரிப்புப் பணியாளர்களின் குடும்பத் தடையை நீக்க வேண்டும். இந்த நான்கையும் இந்திய வெளியுறவு அமைச்சகம் லண்டனோடு அடுத்து நடக்கும் பேச்சிலேயே எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும். மைசூருவின் மக்களவை உறுப்பினரும் தமிழக உறுப்பினர்களும் அதை நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும்.